கலாமைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு: அறிவியலுக்கு ஒருவரை எது இழுக்கிறது?

மண்டபம் டீச்சர் (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 8.40

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அறிவியல் படித்துப் பெரிய ஆளாக வேண்டுமென்றால் தொழுகையை விட்டுவிட வேண்டுமா?" வகுப்பு சிரித்தது. பக்கத்திலிருந்தவன் சட்டென்று, "கலாம் விட்டாரா?" என்றான். வகுப்புக்கு அத்தோடு முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை.

நம் கடற்கரையில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கலாமின் நினைவிடம் இருக்கும் பேய்க்கரும்பில்தான் போய் நிற்கிறது. பக்திமான்கள் அவருடைய தகப்பனார் இமாம் என்பதையும், ராமநாதசுவாமி கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அந்தத் தகப்பனாருக்கு நெருங்கிய நண்பர் என்பதையும் எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் ராக்கெட்டை எடுத்துக்கொள்கிறார்கள். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்துகாட்டி, பையன்களுக்குப் புரியவில்லை என்றதும் கடற்கரைக்கே கூட்டிக்கொண்டு போன சிவசுப்பிரமணிய ஐயரை ஆசிரியர் தின மேடையில் மட்டும் நினைக்கிறோம்.

அந்த மாலையில் எல்லாப் பையன்களும் ஒரே பறவைக் கூட்டத்தைத்தானே பார்த்தார்கள்? ஒருவருக்கு மட்டும் அது ஏன் பற்றிக்கொண்டது? வீட்டிலிருந்த மதத்துக்கு அதில் பங்கு உண்டா? அவரவர் கண்டதைச் சொல்லுங்கள்.

சேது சமுத்திர அரசியல் இங்கே வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது, சண்டையும் அங்கே போதுமான அளவு நடக்கிறது.

ஐம்பத்தொன்று ஏ | ஞாயிறு, இரவு 9.05

என் பெயருக்கு விளக்கம் கேட்பவர்களுக்கு: அரசியல் சட்டத்தின் 51ஏ(எச்) பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்ந்தது.

டீச்சர், நீங்கள் சொன்ன அதே ஐயர் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டாமா? கலாமே எழுதியிருக்கிறார். சாப்பிட வரச்சொன்னார் ஐயர். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற மாட்டேன் என்றார் அவர் மனைவி. ஐயரே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆசிரியரின் கேள்வி பையனை உள்ளே இழுத்தது, அவர் வீட்டு ஆசாரம் வாசலில் நிறுத்தியது. இதைவிடத் தெளிவாக உங்கள் கேள்விக்கு யார் பதில் சொல்ல முடியும்?

இன்னொன்று. 1998இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் என்ற உயர் அமைப்பின் உறுப்பினர்களிடம் எடுத்த கணக்கில், பிரார்த்தனை கேட்கும் கடவுளை நம்புகிறவர்கள் 7 விழுக்காடு. உச்சிக்குப் போகப் போகக் கடவுள் மெலிகிறார்.

அக்னிதீர்த்தத் தெரு | ஞாயிறு, இரவு 10.20

நான் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. இப்போது பெங்களூரில் ஒளியியல் கருவிகளோடு பிழைப்பு. எனக்குப் பற்றிக்கொண்ட நாளின் தேதியே தெரியும்.

2010 ஜனவரி 15. தை அமாவாசை. கூடவே வளைய சூரிய கிரகணம். தனுஷ்கோடியில் வளையம் ஏறத்தாழ 10 நிமிடம் நிற்கும் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் தொலைநோக்கியோடு வந்து இறங்கியிருந்தார்கள். அக்னிதீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் எள்ளும் தண்ணீரும் இறைத்து முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கிற கூட்டம், இன்னொரு பக்கம் கறுப்புக் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்க்கிற கல்லூரிப் பிள்ளைகள். இரண்டு கூட்டமும் சண்டை போடவில்லை. ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியவில்லை.

அப்பா ஓர் ஓலைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றே கால் மணி இருக்கும். ஓலை இடுக்குகள் வழியாக மணலில் வழக்கமாக விழும் வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் மோதிரங்களாக மாறிவிட்டன. நூற்றுக்கணக்கான மோதிரங்கள், தர்ப்பைக் கட்டின்மேல், செம்பின்மேல், அப்பாவின் முழங்கால்மேல். இடுக்குகளோ கோணல்மாணலாக இருந்தன. ஒன்றுகூட வட்டம் இல்லை. பிறகு எப்படி எல்லாமே வட்டமாக விழுகின்றன?

அப்பா மந்திரத்தை நிறுத்தவில்லை, ஆனால் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் சொன்னது இதுதான்: "எத்தனை மணிக்குப் பிடிக்கும், எப்போது விடும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறான். இது போடவில்லையே!"

இடுக்கின் வடிவம் விழுவதில்லை, சூரியனின் உருவம்தான் விழுகிறது என்பதை அந்தக் கல்லூரிக் கூட்டத்தில் ஒருவர் அட்டையில் ஆணியால் துளை போட்டுக் காட்டினார். சதுரத் துளையும் போட்டுக் காட்டினார். அப்போதும் மோதிரம்தான்.

51ஏ அண்ணன் கேட்கலாம், பிறகும் அப்பா தர்ப்பணம் செய்துவைக்கிறாரா என்று. செய்துவைக்கிறார். ஊருக்குப் போனால் நானும் செய்கிறேன். பாட்டன் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுவதை எந்தச் சமன்பாடும் தடுத்ததாகத் தெரியவில்லை.

கீழக்கரை மரைக்காயர் | ஞாயிறு, இரவு 11.02

தம்பி மணலில் பார்த்ததற்கு ஆயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது. கிரகணத்தின்போது சிறு துளை வழியாக விழும் உருவம் ஏன் பிறைபோல் விழுகிறது, துளையின் அளவு மாறினால் என்ன ஆகும் என்று தனி நூலே எழுதியவர் இப்னுல் ஹைதம். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர்.

என் கதை நிழலில் தொடங்கியது. எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கம்பு நட்டிருக்கும். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு நேரம் பார்ப்பது அதில்தான். உச்சிப்பொழுதின் நிழல் எவ்வளவோ அதைக் கழித்துவிட்டு, மிச்சம் கம்பின் உயரத்தை எட்டினால் எங்களைப் போன்ற ஷாஃபி சட்ட வழியினருக்கு அஸர் வந்துவிட்டது. ஹனஃபி வழியினருக்கு இரண்டு மடங்காக வேண்டும். ஒரே ஊரில் இரண்டு பாங்கு ஏன் என்று கேட்டபோது பாட்டுவாப்பா என்னை வெயிலில் நிறுத்தி என் நிழலையே சாணால் அளக்கவைத்தார். முக்கோணவியல் பள்ளிக்கூடத்தில் பிறகுதான் வந்தது.

அந்தக் கம்புக்குச் சித்திரை முதல் தேதியை ஒட்டி ஒரு நாள் உச்சியில் நிழலே இருக்காது. நம் கரை 9 பாகைச் சொச்சம் வட அட்சத்தில் இருப்பதால் சூரியன் அன்று நேர் உச்சி. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஒருமுறை. கடிகாரத்தில் 12 அடித்ததும் போய்ப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இந்திய நேரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்தது, கீழக்கரைக்குச் சித்திரையில் உச்சி சுமார் 12.15.

டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் 14ஆம் நூற்றாண்டில் நேரம் கணிக்கும் வேலை பார்த்த இப்னுஷ் ஷாத்திர் போட்ட சந்திரன் கணக்கும், சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்துக் கோப்பர்னிக்கஸ் போட்டதும் கணித அளவில் ஒன்றுதான். வேலை கொடுத்தது பள்ளிவாசல், ஐயா. சம்பளமும் கொடுத்தது.

ஐம்பத்தொன்று ஏ | திங்கள், காலை 6.15

மரைக்காயர் பாய், அருமை. ஆனால் இவ்வளவு கணக்குத் தெரிந்த சமூகம் ஆண்டுதோறும் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு பிறை தெரிந்ததா, தெரியவில்லையா என்று இரண்டு மூன்று அணியாகப் பிரிந்து நிற்பது ஏன்?

கீழக்கரை மரைக்காயர் | திங்கள், காலை 6.50

அமாவாசை எத்தனை மணிக்கு என்பதை நொடி சுத்தமாகச் சொல்லலாம். அன்று மாலை இந்தக் கரையில் நிற்கிறவனின் கண்ணுக்குப் பிறை தெரியுமா என்பது வேறு கணக்கு: சூரியனிலிருந்து நிலவு எவ்வளவு விலகியிருக்கிறது, அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரம், காற்றில் எவ்வளவு தூசி, எல்லாம் சேர வேண்டும். அந்தக் கணக்குக்காகவே முற்கால வானியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சண்டை எங்களுடையது, நிலவுக்கு அதில் சம்பந்தமில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன் வலைஞன் | திங்கள், மாலை 4.30

கரைக்கு இப்போதுதான் வந்தேன். எல்லாம் படித்தேன். மோதிரம், நிழல், நன்றாக இருக்கிறது. எங்களை இழுத்தது வயிறு.

என் தாத்தா தலைமுறை 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு எல்லாவற்றையும் இழந்தது. மிச்சமிருந்தவர்கள் வானத்தைப் பார்க்காமல் படகைத் தள்ளியதில்லை. ஆறாமீன் என்ற நட்சத்திரக் கூட்டம் எந்த மாதம் எந்த வேளையில் எழும், வாடைக் காற்று எப்போது திரும்பும், கச்சான் காற்று எப்போது உரக்கும் என்பதெல்லாம் அப்பா எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். இன்று ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் தகவல் வருகிறது. செயற்கைக்கோள் கடலின் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. சில நாள் பலிக்கிறது. புறப்படுமுன் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி, பிறகு கைப்பேசியில் காற்றின் வேகம். எது முதலில் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. காற்று கூடுதலாகக் காட்டினால் அந்தோணியார் சொன்னாலும் போக மாட்டோம்.

மண்டபம் டீச்சர் | திங்கள், இரவு 8.10

அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆறாமீன் நாளுக்கு நாள் நான்கு நிமிடம் முன்னதாக எழுகிறது. தொழிலுக்கு அது தெரிந்தால் போதும். ஏன் அப்படி என்று உங்கள் அப்பாவுக்கோ உங்களுக்கோ எப்போதாவது தோன்றியதுண்டா? பயனும் கேள்வியும் பிரிகிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாம்பன் வலைஞன் | திங்கள், இரவு 9.40

தோன்றியது, டீச்சர். கேட்டேன். "நீ வலையைப் பார்" என்றார். அவர் கோயிலுக்கும் போகாதவர். கேள்வியை அடக்குவதற்கு மதம் மட்டும்தான் வேண்டும் என்றில்லை, பசியும் போதும்.

குருசடை அக்கா | செவ்வாய், காலை 10.15

மண்டபத்தில் கடல் உயிரியலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 51ஏ தம்பியின் ஏழு விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. 1914இல் ஜேம்ஸ் லூபா அமெரிக்க அறிவியலாளர்களிடம் கேட்டபோது ஏறத்தாழப் பத்துக்கு நான்கு பேர் பிரார்த்தனை கேட்கும் கடவுளை நம்பினார்கள். 1996இல் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டபோதும் ஏறத்தாழ அதே அளவு. ஏழு என்பது கழக உறுப்பினர்களிடம் மட்டும் எடுத்தது. உச்சிக்குப் போனதால் நம்பிக்கை போனதா, நம்பிக்கை இல்லாதவர்கள் அதிகமாக உச்சிக்குப் போனார்களா, அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. மாணவன் ஆய்வேட்டில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

என்னுடன் வேலை பார்த்தவர்களில் மேசை இழுப்பறையில் விபூதிப் பொட்டலம் வைத்திருந்தவரும் உண்டு, ஆயுத பூஜை அன்று நுண்ணோக்கிக்குப் பொட்டு வைத்தால் எரிந்து விழுந்தவரும் உண்டு. இருவர் மீன் முட்டை எண்ணிக்கையும் ஒரே தரத்தில்தான் இருந்தது.

என்னை இழுத்தது கடல் அட்டை, கடலடியில் கிடக்கும் வெள்ளரிக்காய் வடிவ உயிரினம். 2001இல் அதைப் பிடிக்கத் தடை வருமுன் எங்கள் ஊர்க் கரையில் பீப்பாய் பீப்பாயாக அவிப்பார்கள். சிறுமியாக முழங்கால் தண்ணீரில் ஒன்றைக் கையில் எடுத்தேன். தோல் ஈரமான சொரசொரப்பு, முதலில் இறுகியது. கொஞ்ச நேரத்தில் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டது. கொன்றுவிட்டேன் என்று அழுதேன். பக்கத்தில் பாசி எடுத்துக்கொண்டிருந்த ஆத்தா, "அழாதே, அது சாகாது, புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும்" என்றாள். உண்மை. சில வாரங்களில் வளர்ந்துவிடும். எப்படி வளர்க்கிறது என்பதில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஆத்தா நெற்றி நிறையத் திருநீறு பூசியவள். "ஆண்டவன் செயல்" என்று அவள் சொல்லியிருந்தாலும் நான் கேட்காமல் இருந்திருக்க மாட்டேன்.

இந்தத் தலைப்பில் எனக்குப் பிடித்தவர் இயற்பியலாளர் சி.வி. ராமன். 1921இல் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். அது வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் தன்னிடமிருந்த நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, கூடியது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. ஏழாண்டு கழித்து அந்தப் பாதைதான் ராமன் விளைவில் போய்ச் சேர்ந்தது. அந்தத் தளத்தில் எத்தனை பேர் நின்று "ஆஹா, நீலம்" என்றிருப்பார்கள்! பையில் பட்டகம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

தேவிபட்டினம் | செவ்வாய், பிற்பகல் 1.30

அக்கா, ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கவிட்டிருக்கும் கல்லுக்கு உங்கள் அறிவியல் என்ன சொல்கிறது? நான் கையால் அமுக்கிப் பார்த்திருக்கிறேன். மேலே வருகிறது.

குருசடை அக்கா | செவ்வாய், பிற்பகல் 3.00

மிதக்கிறது, கண்ணால் கண்டதை யாரும் மறுக்க வேண்டாம். பவளக்கல்லின் சுண்ணாம்பு திடமாக இருந்தால் தண்ணீரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். ஆனால் உள்ளே முழுக்கப் பொந்து. காய்ந்து காற்று அடைபட்டிருந்தால் சில கற்கள் மிதக்கும், நீர் ஊறினால் அமிழும். எரிமலை நுரைக்கல்லும் மிதக்கும். 1883இல் கிரகடோவா வெடித்தபோது எழுந்த நுரைக்கல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போனது. எந்த வகை என்று அறிய ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பவளம் பொங்கும், நுரைக்கல் பொங்காது. இது ராமரைப் பற்றிய சோதனை இல்லை, கல்லைப் பற்றியது. தொட்டிக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தங்கச்சிமடம் | செவ்வாய், இரவு 7.45

எங்கள் தரப்பையும் பதிவு செய்கிறேன். பெருவெடிப்புக் கருத்துக்கு முதல் வடிவம் கொடுத்த லெமெத்ர் கத்தோலிக்கக் குரு. 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அதை, படைப்பு நடந்தது என்பதற்குச் சான்றுபோலப் பேசியபோது சங்கடப்பட்டவர் அவரேதான். என் கணக்கு வேறு, என் பூசை வேறு என்பது அவர் நிலை.

கேரளக் கரையிலுள்ள தும்பாவையும் மறக்க வேண்டாம். ராக்கெட் தளத்துக்கு இடம் வேண்டுமென்று விக்ரம் சாராபாய் வந்து கேட்டபோது ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஞாயிறு பூசையில் மக்களிடம் கேட்டுத் தேவாலயத்தை விட்டுக்கொடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்துதான் கிளம்பியது.

பாம்பன் வலைஞன் | செவ்வாய், இரவு 8.05

விட்டுக்கொடுத்தது ஆயர் மட்டும் இல்லை. அங்கே குடியிருந்த மீனவர்களும்தான் எழுந்து போனார்கள். கதை சொல்கிறவர்கள் அந்த வரியை விழுங்கிவிடுகிறார்கள்.

ஏர்வாடிக்காரி | செவ்வாய், இரவு 11.30

எல்லோரும் இனிமையாகப் பேசுகிறீர்கள். நான் செவிலியர். எங்கள் ஊரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. தர்காவுக்கு வரும் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, குணமாகும் என்று நம்பிய தாய் தகப்பன்மார். நம்பிக்கையும் அறிவியலும் அருகருகே நிம்மதியாக இருக்கலாம் என்று சொல்லும்போது எனக்கு அந்தச் சங்கிலி நினைவுக்கு வருகிறது.

இதையும் சொல்கிறேன்: இப்போது தர்கா பக்கத்திலேயே அரசு மனநலப் பிரிவு இருக்கிறது. துவா என்னும் பிரார்த்தனையும் நடக்கிறது, மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால் வரவே வராத குடும்பம், துவா முடிந்து அப்படியே நடந்து வந்து டாக்டரைப் பார்க்கிறது. மதத்தை விட்டுவிட்டு வா என்று வாசலில் பலகை வைத்திருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். இது என் கண்ணெதிரே நடப்பது. யாருடைய கட்சிக்கும் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐம்பத்தொன்று ஏ | புதன், காலை 6.00

சகோதரி, கட்சிக்காகச் சொல்லவில்லை. ஆனால் 28 உயிர் போய், நீதிமன்றம் தலையிட்ட பிறகுதானே அந்த மாத்திரை உள்ளே வந்தது? தானாகத் திறந்த கதவு அது இல்லை. டீச்சர் அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மண்டபம் டீச்சர் | புதன், இரவு 8.20

சொல்லிவிட்டேன். "தொழுவதை விட வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் ஒரு கேள்விக்கு 'அல்லா படைத்தார்' என்று எழுதினாலும் 'இயற்கை' என்று எழுதினாலும் மதிப்பெண் கிடையாது. இரண்டும் பதில் இல்லை" என்றேன். அவன், "அப்படியென்றால் கடவுள் இல்லை என்று எழுதினால்?" என்றான். "அதற்கும் கிடையாது" என்றேன். திருப்தியாகப் போனான். 51ஏ அண்ணனுக்குத் திருப்தி இருக்காது என்று தெரியும்.

இந்த இழையைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது: பந்தலடி அப்பா, பாட்டுவாப்பா, திருநீற்று ஆத்தா, மூவரும் பக்தர்கள், பிள்ளையின் கையைத் தட்டிவிடாதவர்கள். வலைஞன் அண்ணனின் அப்பா பக்தர் இல்லை, தட்டிவிட்டார். ஆகவே பிரிக்கும் கோடு ஒன்றை நாம் தவறான இடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாசிக்காரி மகள் | புதன், இரவு 10.50

பேச்சில் முதல் தடவை கலந்துகொள்கிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல், இரண்டாம் ஆண்டு.

அம்மா தீவுப் பக்கம் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பிய்ப்பார். சாக்கில் கட்டிக் கொடுத்தால் வியாபாரி எடை போடுவார், அது எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. முதலாண்டு ஆய்வகத்தில் மேடம் ஒரு தட்டைக் காட்டி, "இது அகர். இதன்மேல்தான் கிருமியை வளர்ப்போம்" என்றார். எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். கடற்பாசி என்றார், பெயரும் சொன்னார். அது எங்கள் அம்மாவின் சாக்கு!

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1881 வாக்கில் ராபர்ட் காக் ஆய்வகத்தில் ஜெலட்டினில் கிருமி வளர்த்தார்கள். வெயிலுக்கு உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்று கரைத்துவிடும். அங்கே வேலை பார்த்தவரின் மனைவி ஃபான்னி ஹெஸ்ஸே, சமையலறையில் தான் பயன்படுத்திய அகரைச் சொன்னார். கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கினால்தான் கரையும், ஆறினால் 40 பாகைக்குக் கீழே இறுகும், பெரும்பாலான கிருமிகளால் தின்ன முடியாது. அதன்பிறகு உலகம் முழுக்க அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "நோய் கண்டுபிடிக்கவா?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் கடலில் இறங்குமுன் வழக்கம்போல் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார். அவர் கும்பிடுவது எனக்குத் தொந்தரவாக இல்லை. கிலோவுக்கு அவருக்குக் கிடைக்கும் விலையும் ஆய்வகத்தில் அந்த அகர்ப் பொடி டப்பாவின் விலையும்தான் தொந்தரவாக இருக்கிறது. அதற்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வி. முதுகலையில் கடல் சார்ந்து படிக்க வேண்டும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஏதாவது இருக்கிறதா?

குருசடை அக்கா | வியாழன், காலை 7.10

தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடல்சார் துறை இருக்கிறது, மகளே. விண்ணப்பத் தேதியை அவர்களிடமே நேரில் கேட்டு உறுதி செய்துகொள். விலைக் கணக்கைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. தனி இழை தொடங்கு, வருகிறேன்.

பாம்பன் வலைஞன் | வியாழன், மாலை 5.00

தொண்டி என்றால் ராமநாதபுரம் போய்ப் பஸ் மாற வேண்டும். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும், தங்கச்சி. என் மச்சான் மகள் அந்த வழியில்தான் போய்வருகிறாள், நேரம் கேட்டு எழுதுகிறேன்.